பழைய ரூட்டர், டிவி பெட்டி, இன்டெல் ஆட்டம் லேப்டாப்: லினக்ஸ் விக்கிகளை எவ்வளவு நம்பலாம்?

காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றைத் திறந்து தங்கும் விடுதியாக்கினால், முதல் வாரத்திலேயே வரும் புகார் வைஃபையைப் பற்றியதாகத்தான் இருக்கும். முகப்பில் ஃபைபர் இணைப்பு இருக்கும். வளவுக்கு வந்தால் இரண்டு கோடு, இரண்டாம் கட்டில் ஒன்றுமே இல்லை. செங்கலும் சுண்ணாம்புமாக அந்தக் காலத்தில் எழுப்பிய சுவர் ரேடியோ அலைக்கு அவ்வளவு லேசில் வழிவிடாது. அதே வீட்டு அலமாரியில் பழைய ரூட்டர் இரண்டு, ஒரு ஆண்ட்ராய்டு டிவி பெட்டி, பத்து வருஷத்துக்கு முந்திய சின்ன லேப்டாப் ஒன்று தூசி படிந்து கிடக்கும். லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தை ஏற்றினால் இத்தனைக்கும் வேலை கொடுக்கலாம். ஏற்றும் வழியைக் கம்பெனிக்காரர்கள் எழுதி வைப்பதில்லை, ஆர்வலர்கள்தான் விக்கிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கங்கள் எந்த அளவுக்குத் தேறும் என்பதுதான் இந்த மதிப்பீடு.

அளவுகோல் எளியது. பேரேட்டில் தேதியில்லாத பற்றுவரவை எந்தக் கணக்கப்பிள்ளையும் ஏற்கமாட்டார். வன்பொருள் பக்கத்துக்கும் அப்படித்தான். எந்தப் பதிப்புக் கருவி, உள்ளே எந்த சிப், எந்தக் கர்னலில் (லினக்ஸின் உட்கருவில்) சோதித்தது, எப்போது, எது வேலை செய்யவில்லை என்ற ஐந்தும் இருந்தால் பக்கம் தேறும். “எல்லாம் அருமையாக ஓடுகிறது” என்று மட்டும் எழுதிய பக்கத்தால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை. ‘ஓடவில்லை’ என்ற கட்டம் நிரம்பிய பக்கத்தை நம்பி வேலையில் இறங்கலாம்.

முதலிடம் ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு. ரூட்டர்களுக்கென்றே உள்ள லினக்ஸ் இது, லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரை வைத்து 2004-இல் தொடங்கிய திட்டம். இதன் வன்பொருள் அட்டவணையில் ஒவ்வொரு மாடலுக்கும், மாடலின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி வரி உண்டு. ஃபிளாஷ் (மென்பொருள் தங்கும் சேமிப்பு) எத்தனை எம்பி, ராம் எத்தனை எம்பி, எந்த சிப், எந்த வெளியீட்டிலிருந்து ஆதரவு, எந்தக் கோப்பை இறக்க வேண்டும் என்று எல்லாம் அந்த வரியிலேயே இருக்கும்.

பதிப்புக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கு நம்மூர் வீடுகளில் அதிகம் கிடைக்கும் டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் ஒன்றே போதும். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒரே வெள்ளைப் பெட்டி. பதிப்பு 8 முதல் 12 வரை ஏதெராஸ் சிப், 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம். பதிப்பு 13-இல் மீடியாடெக் எம்டி7628, 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ராம். புதுசு என்று நம்பிப் பதிப்பு 14-ஐ எடுத்தால் அதே மீடியாடெக், ஆனால் மறுபடியும் 4-க்கும் 32-க்கும் இறங்கியிருக்கும். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் ‘வெர்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்க்காமல் கோப்பை இறக்கினால் ரூட்டர் எழும்பாமல் செங்கல்லாகிவிடும்.

4/32 கருவிகளைப் பற்றி இந்த விக்கி எழுதியிருக்கும் எச்சரிக்கைப் பக்கம் ஆவணம் எழுதுகிற எல்லாருக்கும் பாடம். ஏற்ற முடியாது என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் காரணத்தையும் சொல்கிறது. கர்னலும் அடிப்படைக் கோப்புகளும் போனால் 4 எம்பியில் நிர்வாகப் பக்கத்துக்குக்கூட இடம் மிஞ்சாது. 32 எம்பி ராமில் நாலு பேர் இணைந்தாலே நினைவகம் தீர்ந்து ரூட்டர் தானாக மறுதொடக்கம் ஆகும். இன்றைக்குப் பரிந்துரை 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 பதிப்பு 3 இந்தக் கணக்குக்குள் வருகிறது. பதிப்பு 2-இல் ராம் 128 இருந்தாலும் பலவற்றில் ஃபிளாஷ் 8 எம்பிதான், கூடுதல் பொதிகள் போட இடம் இடிக்கும்.

ஃபிளாஷ் செய்யும்போது, அதாவது புதிய மென்பொருளை ஏற்றும்போது, இரண்டு கோப்புகளைக் குழப்பிக்கொள்வதுதான் பலரும் செய்யும் தப்பு. கம்பெனி மென்பொருளிலிருந்து மாறுவதற்கு ‘ஃபேக்டரி’ கோப்பு, ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி இருந்தால் ‘சிஸ்அப்கிரேட்’ கோப்பு. இதை விக்கி தெளிவாகவே சொல்கிறது. மின்சாரம் போய்ப் பாதியில் நின்றால் என்ன செய்வது என்பதையும் சொல்கிறது, இங்கேதான் இதன் தரம் தெரிகிறது. டபிள்யூஆர்841என்-இன் ஏதெராஸ் பதிப்புகளுக்கு டிஎஃப்டிபி மீட்பில், அதாவது கேபிள் வழியே கணினியிலிருந்து கோப்பை அனுப்பி மீட்கும்போது, கணினியின் ஐபி 192.168.0.66 ஆக இருக்க வேண்டும். மீடியாடெக் பதிப்புகளுக்கு 192.168.0.225. கோப்பின் பெயரும் வேறு வேறு. பக்கத்தில் உள்ள பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் வைக்க வேண்டும். ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே சுவிட்சைப் போட்டால் ரூட்டரே கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

அத்தனையும் சரியாகச் செய்தும் ரூட்டர் கோப்பை எடுக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. லேப்டாப்பின் வைஃபை அணைக்கப்படாமல் இருக்கும். ஃபயர்வால் யூடிபி 69-ஆம் போர்ட்டை மறித்திருக்கும். இரண்டும் இல்லையென்றால், ரூட்டர் எழும்பும்போது லேன் இணைப்பு ஒரு கணம் விட்டு ஒட்டுவதற்குள் அது கோப்பைக் கேட்டு முடித்திருக்கும். கடைசிச் சிக்கலுக்கு இடையில் ஒரு சாதாரண ஐந்து போர்ட் லேன் சுவிட்சைப் போட்டால் லேப்டாப் பக்கத்து இணைப்பு அறாமல் நிற்கும். இந்தக் குறிப்பு சில பக்கங்களில்தான் இருக்கிறது. எல்லாப் பக்கங்களிலும் முதல் வரியாகவே இருந்திருக்க வேண்டும்.

பழைய ரூட்டரை வைஃபை பரப்ப மட்டும் வைக்கும், வீட்டுக்குத் தேவையான ‘டம்ப் ஏபி’ வழிகாட்டியும் நன்றாக இருக்கிறது. பழைய ரூட்டரின் ஐபியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும், ஏனென்றால் இயல்பான 192.168.1.1 முகப்பில் உள்ள ஃபைபர் மோடத்தோடு மோத வாய்ப்பு அதிகம். ஐபி எண்களைத் தானாகப் பங்கிடும் டிஎச்சிபியை அணைக்க வேண்டும். கேபிளை இணையத்துக்கான வான் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும். ஏற்றிய புதிதில் வைஃபை அணைந்தேதான் இருக்கும், அது பழுதல்ல. நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று வைத்த பிறகு வைஃபையை இயக்க வேண்டும். ஃபைபர் மோடத்திலேயே ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றும் ஆசை வேண்டாம். அதிலுள்ள ஜிபான் (ஃபைபர் இணைப்புக்கான) சிப்களின் மென்பொருள் மூடியே கிடக்கிறது. மோடத்தை அப்படியே விட்டு, பின்னால் இந்த ரூட்டரை வைப்பதே வழி.

விக்கியில் இல்லாத ஒன்று: செட்டிநாட்டு வீடுகளில் தலைவாசலிலிருந்து பின்கட்டுக் கதவு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தக் கோட்டில் கதவு கதவாகப் போய்விடும், பக்கத்து உள்ளறைக்குள்தான் நுழையாது. ஆகவே ரூட்டரை அறை மூலையில் பதுக்காமல் வளவுத் தாழ்வாரத்தில், வாசல் கோட்டை ஒட்டி வைத்து, அதுவரை ஒரு கேபிள் இழுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

குறையும் உண்டு. கருவிப் பக்கங்களின் மேல்பாதி அட்டவணையிலிருந்து தானாக வருகிறது, அதில் பிசகில்லை. கீழ்ப்பாதியை யாரோ எப்போதோ எழுதியிருப்பார்கள். 21.02 வெளியீட்டில் பல சிப்களுக்கு லேன் போர்ட்டுகளைக் கையாளும் சுவிட்ச் அமைப்பு டிஎஸ்ஏ என்ற புதிய முறைக்கு மாறியது. 22.03-இல் ஃபயர்வால் ஐபிடேபிள்ஸை விட்டு என்எஃப்டேபிள்ஸுக்குப் போனது. கீழ்ப்பாதியில் ‘ஈத்0.1’ என்று விலான் (ஒரே கம்பியில் பிரித்த தனி வலையமைப்பு) எழுதியிருந்தால் அது டிஎஸ்ஏவுக்கு முந்திய காலத்துக் குறிப்பு என்று பார்த்தவுடனே தெரிந்துகொள்ளலாம். டிஎஸ்ஏவுக்கு மாறிய கருவியில் அதை அப்படியே தட்டினால் லேன் போர்ட்டுகள் செத்துப்போகும். பழைய அமைப்புகளைச் சேமித்து வைத்துக்கொண்டு 19.07-இலிருந்து தாவுவதும் இதே காரணத்தால்தான் கெடுகிறது. அமைப்புகளை விட்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

யூஎஸ்பி வைஃபை குச்சிகளுக்கும் இதே பதிப்புக் கதைதான். டிஎல்-டபிள்யூஎன்722என் வாங்கினால் லினக்ஸில் தானாக ஓடும் என்று எத்தனையோ பக்கங்கள் சொல்கின்றன. அந்தப் பேச்சு பதிப்பு 1-ஐ வைத்து வந்தது, அதில் இருப்பது ஏதெராஸ். பதிப்பு 2, 3 ரியல்டெக். ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளை காட்டும் அடையாள எண் 9271 என்று முடிந்தால் பதிப்பு 1, 2357 என்று தொடங்கினால் மற்றவை. எதைத் தேடினாலும் மாடல் பெயரைத் தேடாமல் இந்த எண்ணைத் தேடுங்கள், குப்பை பாதி கழிந்துவிடும்.

அடுத்து ஆர்ச், டெபியன் என்ற இரண்டு லினக்ஸ் வகைகளின் விக்கிகள். இவற்றுக்குச் சரியான பரீட்சை 2014-16 வாக்கில் மலிவாக விற்ற இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப் கருவிகள்தான். 2 ஜிபி ராம், 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. சிப் 64 பிட், ஆனால் அதை எழுப்பும் தொடக்க மென்பொருளான யூஇஎஃப்ஐ 32 பிட். இந்த முரண்தான் எல்லாத் தலைவலிக்கும் மூலம். பென்டிரைவில் ‘பூட்எக்ஸ்64’ கோப்பு மட்டும் இருக்கும், யூஇஎஃப்ஐ ‘பூட்ஐஏ32’ கோப்பைத் தேடும். கிடைக்காததால் பூட் பட்டியலில் பென்டிரைவ் தெரியவே தெரியாது. பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று மூன்று தடவை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு.

32 பிட் யூஇஎஃப்ஐயிலிருந்து 64 பிட் கர்னலை எழுப்பும் வசதி 2014-இல், கர்னல் 3.15-இலேயே வந்துவிட்டது. ஆர்ச் விக்கியின் யூஇஎஃப்ஐ பக்கம் இந்த இயக்கத்தைப் பிசகில்லாமல் விளக்குகிறது. ஆனால் அது தெரிந்தவர்களுக்கான விளக்கம், கைபிடித்துக் கூட்டிப்போகாது. தனிநபர் குறிப்புகள் பலவும் பென்டிரைவில் ‘பூட்ஐஏ32’ கோப்பை நகலெடுங்கள் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்கின்றன. அதைச் செய்தால் நிறுவல் முடியும், மறுதொடக்கத்தில் திரை கறுத்துவிடும். நிறுவி இஎம்எம்சியில் வைத்தது 64 பிட் கிரப் (கர்னலை ஏற்றிவிடும் நிரல்) என்பதே காரணம். மறுபடி பென்டிரைவில் எழுப்பி, நிறுவிய அமைப்புக்குள் சிஎச்ரூட் செய்து நுழைந்து, 32 பிட் கிரப் பொதியைப் போட்டு, ‘கிரப்-இன்ஸ்டால்’ கட்டளைக்கு இலக்கு ஐ386-இஎஃப்ஐ என்றும், கூடவே ‘ரிமூவபிள்’ என்றும் கொடுக்க வேண்டும். ‘ரிமூவபிள்’ எதற்கென்றால், இந்த மலிவு யூஇஎஃப்ஐகளில் பல, பூட் பட்டியலில் எழுதிய பெயரை மறந்துவிடும். இஎஃப்ஐ அடைவுக்குள் பூட் என்ற அடைவில் இருப்பதை மட்டும் எடுக்கும்.

இந்தச் சுற்றுவழியே வேண்டாமென்றால் டெபியன். அதன் நிறுவி யூஇஎஃப்ஐ 32 பிட் என்று தானே கண்டுகொண்டு பொருத்தமான கிரப்பைப் போடுகிறது. டெபியன் விக்கியும் இந்த விஷயத்தைச் சுருக்கமாக, நேராகச் சொல்கிறது.

நிறுவிய பிறகு வரும் வைஃபைச் சிக்கலில்தான் பழைய பக்கங்கள் ஆளைக் கவிழ்க்கும். பல கருவிகளில் இருப்பது ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஎஸ். அதன் டிரைவர் 2017-இல் கர்னல் 4.12-இலேயே சேர்ந்துவிட்டது, ஃபர்ம்வேர் பொதி மட்டும் இருந்தால் போதும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அந்த ஃபர்ம்வேரும் நிறுவல் படிமத்தோடே வருகிறது. ஆனால் அதற்கு முன் எழுதிய பக்கங்கள் மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்யச் சொல்லும். புதுக் கர்னலில் உள்செயல்கூறுகள் மாறிவிட்டதால் அது பிழை மேல் பிழையாகக் கொட்டும். பார்ப்பவர் தன் மேல்தான் தவறென்று நினைத்துக்கொள்வார்.

உறைந்துபோகும் சிக்கலும் இதே மாதிரி. இசட்3735எஃப் சேர்ந்த பே டிரெயில் குடும்பச் சிப்கள் ஆழ்ந்த தூக்க நிலையில் சிக்கி உறைவது ஊரறிந்த குறை, கர்னலின் வழுப்பட்டியலில் 109051 என்ற எண்ணில் நெடுங்காலம் பேசப்பட்டது. தற்காலிக வழியாகச் சொல்லப்பட்டது, பூட் வரியில் ‘இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1’ சேர்ப்பது. அதைச் சேர்த்தால் பாட்டரி வேகமாகத் தீரும். புதுக் கர்னலில் முதலில் அதில்லாமல் ஓட்டிப் பாருங்கள், உறைந்தால் மட்டும் சேருங்கள். பக்கங்களோ கண்ணை மூடிக்கொண்டு முதல் படியாகவே அதை எழுதி வைத்திருக்கின்றன.

ஆர்ச் விக்கியின் லேப்டாப் பக்கங்களில் மேலேயே ஓர் அட்டவணை வரும்: பாகம், அடையாள எண், ஓடுகிறதா. அந்த ஒழுங்குக்காகவே மற்ற டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) ஆட்களும் அங்கே போகிறார்கள். கட்டளைகள் மட்டும் ஆர்ச்சின் பொதி நிறுவியான பேக்மேனுக்கு இருக்கும், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். திங்க்பேடு லேப்டாப்புகளுக்கான திங்க்விக்கி பழைய மாடல்களுக்கு இன்னும் களஞ்சியம். புதிய மாடல்களுக்கு அங்கே போக வேண்டாம்.

டிவி பெட்டிகளுக்கு வந்தால் தரம் சட்டென்று விழுகிறது. குறை முழுக்க எழுதுகிறவர்களுடையது அல்ல. எம்எக்ஸ்க்யூ புரோ என்ற ஒரே பெயரில் அம்லாஜிக் எஸ்905, எஸ்905டபிள்யூ, ராக்சிப் ஆர்கே3229, ஆல்வின்னர் எச்3 என்று நாலுவிதப் பலகைகள் வருகின்றன. அட்டையில் 4 ஜிபி ராம் என்று அச்சடித்து உள்ளே 1 ஜிபி வைப்பதும் உண்டு. ஆண்ட்ராய்டின் அமைப்புப் பக்கம் காட்டும் அளவையும் நம்பக்கூடாது. மூடியைத் திறந்து சிப்பின் மேல் உள்ள எழுத்தைப் படிப்பதுதான் நிச்சயம். பெயரை வைத்து எழுதிய பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்கள் பெட்டிக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

சிறு பலகைக் கணினிகளுக்கான லினக்ஸான ஆர்ம்பியன் இந்தப் பெட்டிகளை அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை, இருப்பவை ஆர்வலர் தொகுப்புகள். அம்லாஜிக் எஸ்905எக்ஸ், எஸ்905டபிள்யூ, எஸ்912 பெட்டிகளுக்கு வழி இது. படிமத்தை எஸ்டி கார்டில் எழுதுங்கள். பூட் பகிர்வில் எக்ஸ்ட்லினக்ஸ் அமைப்புக் கோப்பைத் திறந்து, எஃப்டிடி வரியில் உங்கள் சிப்பின் வன்பொருள் விவரம் அடங்கிய டிடிபி கோப்பைக் குறிப்பிடுங்கள். எஸ்905எக்ஸ் என்றால் பி212, எஸ்905டபிள்யூ என்றால் பி281-இல் தொடங்கிப் பார்க்கலாம். ‘யூ-பூட்-எஸ்905எக்ஸ்-எஸ்912’ கோப்பை ‘யூ-பூட்.எக்ஸ்ட்’ என்ற பெயரில் நகலெடுங்கள். கார்டைச் செருகி, ஏவி துளைக்குள் ஒளிந்திருக்கும் பொத்தானைப் பல்குத்தும் குச்சியால் அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, படம் மாறும்வரை பிடியுங்கள். சில பெட்டிகளில் அந்தத் துளைக்குள் பொத்தானே இருக்காது, பலகையில்தான் இருக்கும்.

இந்தப் படிகளில் நகலெடுக்கும் படியைப் பல குறிப்புகள் விட்டுவிடுகின்றன. அதை விட்டால் பெட்டி லோகோவிலேயே நிற்கும். அதைவிடப் பெரிய குற்றம், இஎம்எம்சியில் நிறுவும் கட்டளையை அடுத்த வரியிலேயே எழுதிவிட்டு, முதலில் ‘டிடிபிஆர்’ கருவியால் இஎம்எம்சியை நகலெடுத்து வைக்கச் சொல்லாமல் விடுவது. நகல் இல்லாமல் கெட்டுப்போனால், ஆண் முனைக்கு ஆண் முனை யூஎஸ்பி கேபிள், விண்டோஸ் கணினி, அம்லாஜிக் பர்னிங் டூல், பெட்டிக்கே உரிய கம்பெனிப் படிமம் என்று நாலையும் தேடி அலைய வேண்டும். எஸ்டி கார்டிலிருந்தே ஓட்டுவது உத்தமம். கார்டு போலியா என்று ‘எஃப்3’ கருவியால் முன்பே சோதித்துவிடுங்கள். 64 ஜிபி என்று விற்ற கார்டில் உண்மைக் கொள்ளளவு தாண்டியதும் எழுதியவை அழிந்துபோகும், பழி டிடிபி கோப்பின் மேல் விழும்.

மலிவுப் பெட்டிகளில் வரும் எஸ்எஸ்வி6051 வைஃபை சிப்புக்கு மெயின்லைன் (அதிகாரபூர்வ) கர்னலில் டிரைவர் இல்லை. இதை முதல் பத்தியில் சொல்லும் பக்கம் நல்ல பக்கம். லேன் கேபிள் இழுக்க முடிந்த இடத்தில் வையுங்கள், பிரிண்டர் சர்வராகவோ விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் சர்வராகவோ பேசாமல் ஓடும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டின் மேலறையில் வைத்தால் சூடேறி வேகம் குறையும். மூடியைத் திறந்து சிப்பின் மேல் ஒரு அலுமினிய ஹீட்சிங்கை ஒட்டிவிடுங்கள்.

கைப்பேசிகளுக்கு 2017-இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸின் விக்கி. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரை, தொடுதல், வைஃபை, அழைப்பு, கேமரா, பாட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் ஓடும், பாதி ஓடும், ஓடாது என்று பெட்டியில் குறித்திருப்பார்கள். சோதிக்காததைச் சோதிக்கவில்லை என்றே விட்டிருப்பார்கள், அந்த நேர்மைக்கு முழு மதிப்பெண். ஸ்னாப்டிராகன் 410 கைப்பேசிகள், உதாரணமாக 2015-இல் இங்கே விற்ற ரெட்மி 2, நன்றாக ஆவணப்படுத்தப்பட்டவை. ‘டவுன்ஸ்ட்ரீம்’ என்று வகைப்படுத்திய கைப்பேசியை மட்டும் தொட வேண்டாம், கம்பெனியின் பழைய கர்னலிலேயே நிற்கும். எந்தக் கைப்பேசியையும் நாள் முழுக்கச் சார்ஜரில் விட்டு சர்வராக ஓட்டினால் பாட்டரி உப்பும். விக்கிப் பக்கங்களில் இதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கங்களைத் திருத்தும் உரிமை கணக்கு தொடங்கும் எவருக்கும் உண்டு. திருத்தப் போகிறவர் பழைய வரியை அழிக்க வேண்டாம், கீழே புதிய வரி போதும்: ஸ்டிக்கரில் உள்ள பதிப்பு எண், ‘யூநேம் -ஆர்’ காட்டும் கர்னல் எண், அடையாள எண், தேதி, ஓடாதது எது. டிவி பெட்டி என்றால் திறந்த பலகையின் படம் ஒன்று, பலகையில் அச்சிட்ட எண் தெரியும்படி.